உப்புக்காற்றில் எது தங்கும்? திருகோணமலையில் பழைய பியர்ப் பொருள் சேர்ப்போருக்கு

கொழும்பிலோ கண்டியிலோ ஒருவர் பழைய பியர்ப் பொருள் சேர்க்கத் தொடங்கினால், எது கிடைக்கும், என்ன விலை என்று யோசித்தால் போதும். திருகோணமலையில் அதற்கு முன்னே ஒரு கேள்வி நிற்கிறது: வாங்கியது மூன்று வாடைக்காலம் தாங்குமா? உவர்மலை, திருக்கடலூர், உப்புவெளி, அலஸ்தோட்டம் எங்கே வீடு இருந்தாலும் யன்னலைத் திறந்தால் வருவது கடற்காற்றுத்தான். கச்சான் வீசும் மாதங்களில் எல்லாம் காய்ந்து கிடக்கும். ஒக்டோபர் பிந்தினால் ஜனவரி வரை அலுமாரிக்குள்ளேயே ஈரம். உப்பும் ஈரமும் சேர்ந்தால் எந்தப் பொருள் என்ன ஆகும் என்பதே இங்கே தெரிவைத் தீர்மானிக்க வேண்டும். அபூர்வம், விலை எல்லாம் பிறகு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முதலாவதாக வாங்க வேண்டியது கண்ணாடிப் போத்தலும், சுட்ட களிமண் போத்தலான கற்சாடியும். இடம் குறைந்தவருக்குப் போத்தல் மூடி. காற்றுப்புகாத பெட்டிக்கும் அதைப் பராமரிக்கவும் மனமுள்ளவருக்கு லேபல். எல்லோர் கண்ணும் முதலில் போகும் எனாமல் விளம்பரப் பலகை, இந்த ஊரில் கடைசித் தெரிவு.

காய்ச்சிய ஊரும் குடித்த ஊரும்

இலங்கைப் பியரின் கதை மலையில் தொடங்குகிறது. பின்னாளில் நைல் நதியின் மூலம் தேடிப் போய்ப் பெயர்பெற்ற சாமுவேல் பேக்கர், 1848 இல் நுவரெலியாவில் குடியேறி, பண்ணையோடு சிறிய அளவில் பியரும் காய்ச்சினார். அவர் 1855 இல் தீவை விட்டுப் போய்விட்டார். இன்றைய லயன் பியர்க் கொம்பனி தன் தொடக்கமாகக் காட்டும் ஆண்டு 1881. தேயிலைத் தோட்டத் துரைமாருக்காக நுவரெலியாவில் சிலோன் புரூவரி எழுந்த காலம் அது. ஏன் அங்கே? குளிரூட்டி பரவாத நாளில் நொதித்தல் தொட்டியைக் குளிராக வைத்திருக்கக் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்துக் காற்றே போதுமாக இருந்தது. கரையோர வெக்கையில் காய்ச்சினால் ஈஸ்ட் கட்டுக்கடங்காமல் வேலை செய்து வேண்டாத மணங்களைக் கிளப்பிவிடும். பார்லி மோல்டும் ஹொப்ஸும் கப்பலில் வந்தன; மலை கொடுத்தது குளிரும் ஊற்றுநீரும். அந்த நீர் லவர்ஸ் லீப் என்ற அருவிப் பக்கத்திலிருந்து வந்தது. கோணேசர் கோயில் மலைமுனைக்கும் வெள்ளைக்காரர் வைத்த பெயர் அதேதான். பெயர் ஒற்றுமையைத் தவிர இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. பழைய தபாலட்டை விற்பவர்கள் குழப்பிவிடுவார்கள் என்பதால் சொல்கிறோம்.

திருகோணமலை குடித்துப் போத்தலை எறிந்த ஊர். கோட்டைக் காவற்படை, துறைமுகம், கடற்படைத் தளம் என்று ஒல்லாந்தர் காலம் முதல் தாகத்தோடு வந்திறங்கியவர்களுக்குக் குறைவில்லை. 1942 ஏப்ரல் 9 ஜப்பானியக் குண்டுவீச்சுக்குப் பிறகு வெறிச்சோடிய துறைமுகத்துக்கு 1944 தொடக்கத்தில் பிரித்தானியக் கிழக்குக் கடற்படை திரும்பி வந்தது. தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது 1957 ஒக்டோபரில். ஆகவே இந்த ஊரில் தலைகாட்டும் பழைய பியர்ப் பொருள்கள் பெரும்பாலும் இரண்டு வகை: இங்கிலாந்து, ஸ்கொத்லாந்துப் பக்கத்திலிருந்து இறக்குமதியானவை, மலையிலிருந்து வந்த சிலோன் புரூவரிச் சரக்கு. எதைச் சேர்க்கப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே தீர்மானிப்பது நல்லது. இரண்டையும் சேர்த்து வாங்கத் தொடங்கியவர்களிடம் கடைசியில் ஒரு அலுமாரி நிறையக் கலவைதான் மிஞ்சும்.

மலைக் கொம்பனியின் பிந்திய கதை திகதி கணிக்க உதவும். 1990களில் லயன் புரூவரி (சிலோன்) தனிக் கொம்பனியானது, டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் கூட்டுச் சேர்ந்தது, 1998 இல் பியகமையில் புதிய ஆலை வந்தது. பழைய சிலோன் புரூவரி இப்போது சிலோன் பெவரேஜ் ஹோல்டிங்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. மக்கலம் புரூவரியின் த்ரீ கொயின்ஸ் சின்னங்கள் கைமாறிக் கைமாறி 2014 இல் லயன் வசமாயின. இன்றைக்கு மலிவாகக் கிடைக்கும் உள்ளூர்ப் பொருள்களில் நாளைக்கு அருமைப்படக்கூடியவை இந்த மக்கலம் காலத்து மூடிகளும் லேபல்களும், சாண்டோ ஸ்டவுட் உட்பட, என்பது எங்கள் கணிப்பு. அவற்றைப் பத்திரப்படுத்துவோர் குறைவு. எல்லோரும் சிங்கத்தின் பின்னால் ஓடுகிறார்கள்.

கண்ணாடிப் போத்தல்

கண்ணாடிக்கு உப்புக்காற்று பொருட்டல்ல. கறள் பிடிக்காது, கறையான் தின்னாது, பூஞ்சணம் படர்ந்தாலும் கழுவிவிடலாம். அது தோற்பது நீண்டகாலம் ஈரமண்ணில் புதைந்து கிடந்தால்தான். கண்ணாடிக்குள்ளிருக்கும் காரத்தை நீர் மெல்ல மெல்ல உறிஞ்சி எடுக்க, மேற்பரப்பு பால்போல் மங்கி, சிலவேளை வானவில் நிறத்தில் செதிலாக உரியும். இதை அழுக்கென்று நினைத்து வாங்குவதுதான் புதியவர்கள் காசு தொலைக்கும் முதல் இடம். சோதனை சுலபம்: மங்கிய இடத்தில் ஈரவிரலால் தடவுங்கள். ஈரமாக இருக்கும்வரை தெளிந்து, காய்ந்ததும் மீண்டும் மங்கினால் அது நோய், அழுக்கல்ல. எந்தச் சவர்க்காரமும் அதைத் தீர்க்காது; மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றத்தான் வேண்டும், அத்தோடு எழுத்தின் கூர்மையும் போய்விடும்.

வயது பார்க்கும் ஒழுங்கு இது. போத்தலின் பக்கத்தில் ஓடும் அச்சுக் கோட்டை அடியிலிருந்து மேலே பின்தொடருங்கள். கோடு தோளிலோ கழுத்திலோ நின்று, வாய்ப்பகுதி தனியாக வைத்து உருட்டியதுபோல் இருந்தால் கையால் முடித்த போத்தல். கோடு வாயின் விளிம்பு வரை ஏறினால் இயந்திர வார்ப்பு. போத்தல் வார்க்கும் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் 1903 இல் வந்தது, பரவலானது அதற்குப் பின். கோடே இல்லையென்றால் அவசரப்பட்டு மிகப் பழையது என்று சொல்லிவிடக் கூடாது: அச்சுக்குள் சுழற்றி எடுத்த போத்தலிலும் கோடு அழிந்துவிடும், உடம்பைச் சுற்றி மெல்லிய கிடைக்கீறல்கள் மட்டும் தெரியும்.

வாயின் அமைப்பு அடுத்த சான்று. நேரான கழுத்தும் தடித்த வளையமும் என்றால் தக்கை. உள்ளே திருகுப்புரி இருந்தால், ஹென்றி பரெட் 1879 இல் கொண்டுவந்த உள்திருகு அடைப்பான். பிரித்தானியப் பியரில் இது 1970கள் வரை நீடித்தது. வல்கனைட் என்ற கடினமாக்கிய றப்பரில் செய்த அந்தக் கரிய அடைப்பான் தனியாகக் கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். இரண்டாம் உலகப் போரின் றப்பர்த் தட்டுப்பாட்டில் மட்டமான கலவையால் செய்து 'வோர் கிரேட்', அதாவது போர்க்காலத் தரம், என்று பொறித்தவை உண்டு. கடற்படைக் காலத்துச் சேகரிப்புக்கு அதைவிடச் சிறிய, அதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. வாயில் மெல்லிய ஒற்றை உதடு இருந்தால் தகர மூடிப் போத்தல், அதாவது 1892 க்குப் பிந்தியது.

சிலோன் புரூவரிப் போத்தல் தேடுவோர் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். பியர்ப் போத்தல் காசு கொடுத்துத் திரும்ப எடுக்கப்பட்ட பொருள். ஆலைக்குத் திரும்பிய போத்தல் சூடான கோஸ்டிக் சோடாவில் கழுவப்பட்டு, பழைய லேபல் உரிந்து, புதியது ஒட்டப்பட்டு மறுபடி வெளியே போகும், உடைந்தால் உருக்கப்படும். தோளிலும் அடியோரத்திலும் வெண்மையாகத் தேய்ந்த வளையம் இருந்தால் பலமுறை பெட்டிக்குள் உரசிப் பயணம் போன போத்தல் என்று பொருள். ஆகவே பெயர் கண்ணாடியிலேயே பொறிக்கப்படாத வெறும் மண்ணிறப் போத்தலுக்கு, விற்பவர் என்ன கதை சொன்னாலும், காசு கொடுக்காதீர்கள். அடியிலுள்ள இலக்கமும் எழுத்தும் கண்ணாடி வார்த்தவரின் அடையாளம். பியர் காய்ச்சியவரை அது சொல்லாது. மறுபக்கம், லேபல் முழுதாக ஒட்டியிருக்கும் பழைய போத்தல் உண்மையிலேயே அரிது. ஆனால் அதைத் திருகோணமலையில் வைத்திருப்பது, கடுதாசியைக் கண்ணாடிமேல் ஒட்டி ஈரத்துக்குக் காட்டுவதுதான். வாங்கினால் கண்ணாடிக் கதவுள்ள அலுமாரி கட்டாயம்.

வாங்கும்போது கைபேசி வெளிச்சத்தைப் போத்தலின் பின்னால் பிடித்துச் சுழற்றுங்கள். வெடிப்பு ஒரு கோணத்தில் வெள்ளிக்கோடாக மின்னும். உதட்டுக் கீறலை நகத்தால் தடவிப் பார்க்கலாம். சிறு சில்லு போனால் மதிப்புக் குறையும், பொருள் நிற்கும். அடியிலிருந்து எழும் வெடிப்பு நிற்காது.

கழுவுவதில் கெடுப்பவைதான் அதிகம். சூடான நீரைக் குளிர்ந்த போத்தலில் ஊற்றினால் வெடிக்கும். கைபொறுக்கும் சூடு போதும். உள்ளே மணல் போட்டுக் குலுக்கினால் கீறும். ஒரு கைப்பிடி பச்சையரிசியும் அரைப் போத்தல் நீரும் இரண்டு துளி பாத்திரச் சவர்க்காரமும் போட்டுக் குலுக்கினால் உள்ளழுக்கு பெரும்பாலும் விடும். சிப்பி, சுண்ணாம்புப் படிவு இருந்தால் வினாகிரியில் ஒரு நாள் முழுக்கி, மரக்குச்சியால் தள்ளுங்கள், கத்தி வேண்டாம். கழிவறை கழுவும் அசிட் வேண்டவே வேண்டாம்.

கற்சாடி

மண்ணிறமும் பாலாடை நிறமுமாக, சுட்ட களிமண்ணில் வந்த ஏற்றுமதிப் போத்தல்கள் இவை. அடிப்பக்கத்தில் சிறிய முத்திரை இருந்தால் பாதி வேலை முடிந்தது: கிளாஸ்கோவின் போர்ட் டண்டாஸ், பரோஃபீல்ட் மட்பாண்டசாலைகளின் முத்திரைகள் பிரித்தானியப் பேரரசின் துறைமுகங்களில் பரவலாகக் கிடைப்பவை. எல்லாக் கற்சாடியும் பியர்ச் சாடி அல்ல. இஞ்சிப் பியர், மை, ஜின், கனிமநீர் எல்லாமே கல்லில் வந்தன. வாயில் ஊற்றுவதற்கு ஏற்ற மூக்கு இருந்தால் மை. உயர்ந்த உருளை உடம்பும் கழுத்தடியில் ஒரு காதும் இருந்தால் பெரும்பாலும் ஜின் அல்லது கனிமநீர். அது ஒல்லாந்தர் காலம் வரைகூடப் போகலாம். அப்படியானதை ஏன் தொடக்கத்தில் தொடக்கூடாது என்பது சட்டப் பகுதியில்.

கற்சாடிக்கு இந்த ஊரில் ஒரே எதிரி, உடம்புக்குள் ஏறிய உப்பு. கடலிலோ கரைமண்ணிலோ கிடந்த சாடி காய்ந்ததும் உள்ளே உப்பு பளிங்காகித் தடித்து, மெருகை உள்ளிருந்து தள்ளிச் செதிலாக உதிர்க்கும். வாங்கிய அன்று அழகாக இருந்தது ஆறு மாதத்தில் உரிவது இதனால்தான். மருந்து தண்ணீரும் பொறுமையும். சாடியின் கொள்ளளவைப்போல் ஐந்து மடங்கு நீர் பிடிக்கும் வாளியில் முழுக்கி, முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை நீரை மாற்றுங்கள். நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். கரையோரக் கிணற்றுநீர் உவர் என்பதால் குழாய்நீர் எடுங்கள். கடைசி முழுக்குக்குப் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் நல்லது. உப்பு போய்விட்டதா என்பதற்கு, அந்தக் கடைசி முழுக்கின் நீரில் ஒரு துளி சில்வர் நைத்திரேற்றுக் கரைசல் விட்டால் வெண்புகைபோல் கலங்கக் கூடாது. இரசாயனம் படிப்பிக்கும் ஆசிரியர் யாரையும் கேட்டால் செய்து தருவார். பிறகு வெயிலில் வைக்காமல் நிழலில் ஒரு வாரம்.

எனாமல் பலகை, தகரத் தட்டம்

சேகரிப்பில் கண்ணைப் பறிப்பதும் விலை கூடியதும் இதுதான். போலி மலிந்ததும் இதுதான். உண்மையான எனாமல் என்பது உருக்குத் தகட்டின்மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே சூளையில் சுட்டிருப்பார்கள். ஒரு நிறத்திலிருந்து மற்றதற்கு நகத்தை ஓட்டினால் படி தட்டுப்படும். ஆணித்துளை சுடுவதற்கு முன் குத்தப்பட்டதால் துளையின் உள்விளிம்பு வரை எனாமல் இருக்கும். பின்பக்கத்திலும் பெரும்பாலும் கரும் எனாமல் பூச்சு உண்டு. போலி பெரும்பாலும் மெல்லிய தகரத்தில் அச்சடித்த மை: நகம் வழுக்கும், பின்பக்கம் வெறும் தகரம் அல்லது புதுப் பூச்சு, 'கறள்' கூட அச்சிலேயே வந்திருக்கும். கறள் இயல்பாகத் தொடங்குவது துளையையும் அடிபட்ட இடத்தையும் சுற்றி. நடுவில், எங்கும் அடிபடாத இடத்தில் கறள் இருந்தால் பலகையை வைத்துவிட்டு வாருங்கள்.

அசலே ஆனாலும் இங்கே சிக்கல் தீராது. சில்லு விழுந்த ஓர் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால், கறள் எனாமலுக்கு அடியால் பக்கவாட்டில் பரவும். கறளுக்கு இடம் கூடத் தேவை. அது வீங்க, மேலிருக்கும் எனாமல் வெடித்து உதிரும். புதுச் சில்லு, புதுக் கறள். மலைநாட்டு வீட்டில் இருபது வருடம் தொங்கிய பலகை கடற்கரைச் சுவரில் சில வாடையிலேயே முகம் மாறிவிடும்.

ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பவர்களுக்கு: நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, முற்றாக உலர்த்தி, உதிரும் கறளை மட்டும் மரக்குச்சியாலும் பித்தளைத் தூரிகையாலும் எடுங்கள். டானிக் (tannic) அமிலம் உள்ள கறள்மாற்றியைச் சில்லு விழுந்த இடத்தில் மட்டும் மெல்லிய தூரிகையால் இரண்டு பூச்சு, ஒரு நாள் இடைவெளியில். மேலே நிறமற்ற மெழுகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தொங்கவிடப் பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி போட்டால் அது மின்வேதியியல் முறையில் பலகையின் உருக்கைத்தான் தின்னும்; நைலோன் வளையம் இரண்டு பக்கமும் வைத்து இறுக்காமல் பூட்டுங்கள். இறுக்கினால் எனாமல் தெறிக்கும். சுவரோடு ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி. கடல் பார்த்த சுவர் வேண்டாம்.

அச்சடித்த பரிமாறும் தட்டம் இன்னும் மெல்லியது. விளிம்பு மடிப்புக்குள் ஈரம் தங்கி அங்கிருந்தே போகும். வாங்குவதானால் மூடிகளுக்குச் சொல்லப்போகும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். சுவரில் தொங்காத தட்டத்தை ஏன் வாங்குவது என்பது அவரவர் கேள்வி.

லேபல்

வரலாறு அதிகம் பேசுவது லேபல். சிலோன் என்ற பெயர் 1972 மே 22 இல் ஸ்ரீலங்கா ஆனது. ஆகவே உற்பத்தி நாடு சிலோன் என்றிருந்தால் அதற்கு முந்தியது என்று பலர் சொல்வார்கள். இதில் ஒரு பொறி உண்டு: லயன் கொம்பனியின் சட்டப்பெயரில் அடைப்புக்குறிக்குள் சிலோன் இன்றும் இருக்கிறது. கொம்பனிப் பெயரைப் பார்த்துத் திகதி போடாதீர்கள். நாட்டின் பெயர் எழுதிய வரியைப் பாருங்கள். அளவு பைந்து, அவுன்ஸில் மட்டும் இருந்தால் மெற்றிக் மாற்றத்துக்கு முன், மில்லிலீற்றர் என்றால் பின். பட்டைக்குறி 479 இல் தொடங்கினால் அண்மைக்காலம். முகவரி பியகமை என்றால் 1998 இலோ அதன் பின்போ. இங்கிலாந்தின் பாஸ் பியர்க் கொம்பனியின் சிவப்பு முக்கோணம் 1876 ஜனவரி 1 இல் பிரித்தானியாவின் முதலாவது வணிகச் சின்னமாகப் பதிவானது. அந்த லேபல்களில் போத்தலில் அடைத்த முகவரின் பெயர் தனியாக அச்சிடப்பட்டிருக்கும், தேட வேண்டியது அந்தப் பெயரைத்தான்.

போத்தலிலிருந்து எடுக்கும் முறை: ஐந்து லீற்றர் இளஞ்சூட்டு நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா. போத்தலுக்குள்ளும் அதே சூட்டு நீரை நிரப்பி முழுக்குங்கள், இல்லாவிட்டால் மிதக்கும். அரை மணி முதல் இரண்டு மணிக்குள் லேபல் தானே வழுக்கும். நகத்தால் உரித்தால் கிழியும். பொன், வெள்ளி மை உள்ள லேபலில் சோடா மங்கச் செய்யும். முதலில் வெறும் நீரில் ஓர் இரவு முயலுங்கள். பிறகு நல்ல நீரில் இரண்டு தடவை அலசி, அச்சில்லாத வெள்ளைத்தாள் இரண்டின் நடுவே, அரைவாசி காய்ந்ததும் கனமான புத்தகங்களின் கீழ் ஒரு நாள். பத்திரிகைத் தாள் வைத்தால் மை ஏறும்.

வைப்பதில்தான் திருகோணமலை வேலையைக் கூட்டுகிறது. ஈரப்பதன் நூற்றுக்கு 65ஐத் தாண்டினால் பூஞ்சணம் எழும்பும். வாடையில் இங்கே அது சாதாரணம். ஒட்டுப்பசையின் மாவுக்கு இராமபாணப் பூச்சி வரும். பிவிசி உறை காலப்போக்கில் அமிலம் கக்கி மையை இளக்கும், பொலியெஸ்டர் உறைதான் வாங்க வேண்டும். பத்து லீற்றர் காற்றுப்புகாப் பெட்டிக்கு நூறு கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சிறு ஈரமானி, 45க்கும் 50க்கும் இடையில் நிறுத்துங்கள். நிறம் மாறிய ஜெல்லை அடுப்பில் 120 பாகையில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். இதை வாடைக்காலத்தில் மாதம் ஒருமுறை செய்யச் சோம்பல் என்றால் லேபலை விட்டுவிடுங்கள்.

மூடி, பிறகு மற்றவை

வில்லியம் பெயின்ரரின் 1892 காப்புரிமை மூடிக்கு 24 பல், இன்றையதற்கு 21. எண்ணிப் பாருங்கள். உள்ளே தக்கை வட்டம் இருந்தால் பழையது, பிளாஸ்திக் என்றால் ஏறத்தாழ 1960களுக்குப் பின். ஐந்நூறு மூடி ஒரு பிஸ்கட் ரின்னில் அடங்கும். தகரம்தான், கறள் பிடிக்கும்தான். ஆனால் முழுச் சேகரிப்பும் ஒரே பெட்டியில் என்பதால் காப்பது மலிவு. லேபல் பெட்டியில் இவற்றைப் போடாதீர்கள்: உலோகத்துக்கு ஈரப்பதன் 40க்குக் கீழ் வேண்டும், கடுதாசி அந்த வறட்சியில் முறுகும். திறக்கும்போது மூடியின்மேல் ஒரு நாணயத்தை வைத்து அதன்மேல் திறப்பானை அழுத்தினால் நடு மடியாது. மடிந்த மூடிக்கு மாற்றுச் சந்தையில் யாரும் கை நீட்டமாட்டார்கள்.

குவளைக்கு அடியில் வைக்கும் பியர் மட்டை ஈரத்தில் அப்பளமாக ஊதும், விட்டுவிடலாம். அலுமினியக் கானை அடியில் இரண்டு துளை குத்தி வடித்துக் கழுவி வைத்தால் மேல் திறப்பு முழுதாக இருக்கும். நிறைந்த கானை வைத்தால் உப்புக்காற்று ஊசித்துளை போட்டு ஒருநாள் அலுமாரியை நனைக்கும். நிறைந்த போத்தலும் அப்படித்தான்: மூடி கறள்பட, வாயு போய், உள்ளே இருப்பது பியர் என்ற பெயருக்கும் உதவாது. மரப்பெட்டி அழகு, ஆனால் கறையானுக்கு விருந்து. வாங்கினால் நிலத்தில் வைக்காமல் இரும்புக் காலில் ஏற்றுங்கள்.

எங்கே வைத்தாலும் கீழ்த்தட்டு வேண்டாம். 1964 சூறாவளியும் 2004 கடல்கோளும் இந்த ஊருக்கு வந்தது டிசம்பரில்தான்.

கையிலுள்ள காசைப் பத்துப் பங்காக்கினால், ஆறு பங்கு கண்ணாடிக்கும் கல்லுக்கும், இரண்டு பெட்டிக்கும் ஜெல்லுக்கும் அலுமாரிக்கும், ஒன்று மூடிக்கு, ஒன்று லேபலுக்கு என்பது எங்கள் பிரிப்பு. பாதுகாப்புக்கு இரண்டு பங்கு அதிகம் என்று தோன்றும். தோன்றட்டும்.

கொழும்பிலிருந்து இரயிலிலோ பஸ்ஸிலோ எடுப்பித்தால், ஒவ்வொரு போத்தலுக்கும் மூன்று சுற்றுத் தாள், பெட்டிச் சுவருக்கும் போத்தலுக்கும் ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளி, கண்ணாடியோடு கண்ணாடி தொடவே கூடாது. ஹபரணையிலிருந்து வரும் வழியில் குலுக்கம் பாதிப் போத்தலின் உதட்டைக் கொண்டுபோகும். எனாமல் பலகையை இரண்டு ஒட்டுப்பலகை நடுவே கட்டி எடுங்கள், வளைந்தால் வெடிக்கும்.

சட்டம்

1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் தேடி நிலம் தோண்ட உரிமப்பத்திரம் வேண்டும், சொந்தக் காணியானாலும். 1815 மார்ச் 2 க்கு முந்திய பொருள்களை அந்தச் சட்டம் தொல்பொருளாகப் பார்க்கிறது. கோட்டைப் பக்கம் வரும் ஒல்லாந்தர் காலச் சதுர ஜின் போத்தலும் காது வைத்த சாடியும் அந்த எல்லைக்குள் விழக்கூடும். யாராவது அப்படி ஒன்றை நீட்டினால், தொல்லியல் திணைக்களத்தில் காட்டிவிட்டு வரச்சொல்வதே பாதுகாப்பு; நாட்டுக்கு வெளியே அனுப்புவதென்றால் தனி அனுமதி. துறைமுகத்துக்குள் சுழியோடி எடுத்தது என்று சொல்லப்படுவதை வாங்காதீர்கள். மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கும் ஹேர்மிஸ் விமானந்தாங்கியிலிருந்து வந்தது என்றால் இன்னும் மோசம்: அது 1942 ஏப்ரல் 9 இல் முந்நூறுக்கு மேற்பட்டோரோடு மூழ்கிய கப்பல், போர்க்கல்லறை. நிறைந்த போத்தலை விற்பது மதுவரி உரிமம் வேண்டும் வேலை.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதி நடத்துவோர் வரவேற்பறைச் சுவருக்கென்று பழைய பியர்ப் பலகை கேட்கிறார்கள். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் மதுசார விளம்பரத்தைத் தடுக்கிறது. சின்னத்தின் பெயரைப் பரப்பும் பலகை, படம் எல்லாம் அதில் அடங்கும். பலகைக்கு எண்பது வயது என்பது வாதமாக எடுபடுமா என்பதைப் பொதுமக்கள் வந்துபோகும் சுவரில் மாட்டிப் பரீட்சிக்க வேண்டியதில்லை. அதே சின்னம் இன்றும் விற்பனையில் இருந்தால் வாதம் இன்னும் மெலிந்துவிடும். சட்டத்தரணி ஒருவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளும்வரை, அந்தச் சுவருக்கு முத்திரை மட்டும் பதித்த கற்சாடிகளை வைக்கலாம். கிளாஸ்கோக் குயவரின் பெயர் எந்தப் பியருக்கும் விளம்பரம் ஆகாது.